ரசீது கேட்கக் கூச்சப்பட்டேன்

போன மாதம் கோயிலில் ஒரு தம்பியைச் சந்தித்தேன். திருச்சிக்காரர். தென்னாப்பிரிக்காவில் நாங்கள் இருக்கும் டர்பனுக்கு வந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது. பழைய ஹோண்டா கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். அதற்கு டர்போ, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளிச் சக்தியைக் கூட்டும் கருவி, வைக்க ஒரு கடையில் பேசி முடித்துவிட்டதாக முகமெல்லாம் மகிழ்ச்சியுடன் சொன்னார். "என்னென்ன வேலை, எவ்வளவு பணம் என்று எழுதி வாங்கினீர்களா?" என்று கேட்டேன். "நம்மவர்தானே அண்ணா, எதற்கு அதெல்லாம்?" என்றார். 2023 பிப்ரவரியில் என் மனைவி கேட்டபோது நானும் இதே பதிலைத்தான் சொன்னேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. என்னிடம் யாராவது ஒருவர் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் ஒரு லட்சம் ராண்டுக்கு அருகில் மிஞ்சியிருக்கும், ஒன்றேகால் ஆண்டு நிம்மதி போயிருக்காது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் மதுரைக்காரன். 2014இல் டர்பன் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றில் வேலை கிடைத்து வந்தேன். குடியிருப்பது டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்தில். இங்கே இருப்பவர்களுக்குக் கார்மேல் உள்ள பிரியத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஞாயிறு காலையில் தெருவுக்கு நான்கு பேர் பானெட்டைத் திறந்துவைத்துக் கொண்டு நிற்பார்கள். அந்தக் காற்று என்மீதும் அடித்தது. 2019இல் டொயோட்டா ரன்எக்ஸ் ஆர்எஸ்ஐ ஒன்றை வாங்கினேன், 2005ஆம் ஆண்டு வண்டி. எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலையில் பிறந்த கார் அது. 1.8 லிட்டர் இன்ஜின், 141 கிலோவாட். நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றுகளைத் தாண்டியதும் வால்வுகளைத் திறக்கும் கேம் மாறி வேறு ஒரு சத்தத்துடன் பாயும். அந்தச் சத்தத்துக்காகவே சில நாள் வேலையிலிருந்து சுற்றுவழியில் வீடு திரும்பியிருக்கிறேன். அது போதாதென்று டர்போ வைக்க ஆசைப்பட்டேன். இந்த இன்ஜினின் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற கணக்கு, 11.5க்கு 1. டர்போ வைக்கப் பிறந்த இன்ஜின்களில் அது பொதுவாக ஒன்பது, பத்து அளவில்தான் இருக்கும். அதாவது பெட்ரோல், தீப்பொறி நேரம், காற்றழுத்தம் மூன்றும் மிகச் சரியாக அமைந்தால்தான் இது தாங்கும். இந்த ஒரு விவரம் அன்று எனக்குத் தெரிந்திருந்தால் கடைக்காரரிடம் கேட்டிருக்கும் கேள்விகளே வேறாக இருந்திருக்கும்.

கடைக்காரரின் பெயரையோ கடை இருக்கும் இடத்தையோ எழுதப் போவதில்லை. அவரைக் காவடியில்தான் தெரியும். இங்கேயே பிறந்து வளர்ந்த நான்காம் தலைமுறைத் தமிழர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தமிழ் பேச வராது, தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு கண்ணீர் மல்கப் பாடுவார். அவருக்கு ழகரம் சொல்லிக் கொடுத்தவன் நான். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான். ஆனால் அவர் என்னைத் 'தம்பி' என்றும் நான் அவரை 'அண்ணா' என்றும் அழைப்போம். ஊரை விட்டு வந்தவனுக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு ஆறுதல் என்பது வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவர் கைவேலையும் மோசமில்லை. அவர் செய்த கார்கள் இரண்டை நானே ஓட்டிப் பார்த்திருந்தேன்.

2023 தைப்பூசம் முடிந்த மறு வாரம் பேசினோம். டர்போ, மேனிஃபோல்டு, இன்டர்கூலர், இன்ஜெக்டர், இன்ஜினை இயக்கும் புதிய கணினி, கிளட்ச், பெட்ரோல் பம்பு, அந்தக் கணினியின் அளவுகளைச் சரிசெய்யும் ட்யூனிங் எல்லாம் சேர்த்து 65,000 ராண்ட், ஆறு வாரத்தில் வண்டி கையில். இவை அத்தனையும் வாய்ச்சொல். வங்கி வழியாக 25,000 அனுப்பினேன். "மீதி முன்பணத்தைக் கையில் கொடுத்தால் பாகங்களைக் கொஞ்சம் குறைத்து வாங்கலாம் தம்பி" என்றார். மறுநாள் 15,000 ராண்டை உறையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மேசைமேல் ரசீதுப் புத்தகம் இருந்தது. என் கண் அதன்மேல் போனது இன்றும் நினைவில் இருக்கிறது. கேட்க வாய் வரவில்லை. கேட்டால் 'என்னைச் சந்தேகப்படுகிறாயா' என்று அவர் முகம் சுருங்கிவிடுமோ என்று பயந்தேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "ரசீது எங்கே?" அந்தப் பணம் வீடு வாங்க இருவரும் சேர்த்துக்கொண்டிருந்த முன்பணத்திலிருந்து எடுத்தது. நான் எரிச்சலாகப் பதில் சொன்னேன். அந்த எரிச்சலுக்கு இரண்டு முறை அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

இந்த நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டம். அதன் 15ஆம் பிரிவின்படி, பழுதுபார்ப்பு அல்லது பராமரிப்பு வேலைக்குப் பொருளை எடுத்துக்கொள்பவர் முதலில் மதிப்பீடு கொடுத்து, வாடிக்கையாளர் ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் இல்லாமல் அந்தத் தொகைக்கு மேல் வாங்கக் கூடாது. மாற்றியமைக்கும் வேலை பழுதுபார்ப்பா இல்லையா என்று வாதம் வரலாம், அதனால்தான் நீங்களே எழுதி வாங்க வேண்டும் என்கிறேன். வழக்கறிஞர் தேவையில்லை. ஒரு தாளில் பாகங்களின் பெயர், புதியதா பழையதா, எந்த நிறுவனத்தின் பாகம், வேலைக்கூலி எவ்வளவு, எந்தத் தேதிக்குள், தாமதமானால் என்ன என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். அதுகூட முடியாவிட்டால் பேசி முடித்த அன்றே, 'அண்ணா, நாம் பேசியது இவை' என்று வரிசையாக வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'சரி' என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள். ரசீது கேட்பது சந்தேகம் இல்லை. நாளை இருவருக்கும் நினைவு மாறுபட்டால் உறவு முறியாமல் இருக்க அந்தத் தாள் வேண்டும். நல்ல கடைக்காரர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் அப்போதே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம்.

மார்ச் முடிந்தது. வண்டி வரவில்லை. 2023இல் இங்கே மின்வெட்டு எப்படி இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும், அதுபோல மோசமான ஆண்டு அதற்கு முன் இல்லை. வெல்டிங் பாதியில் நிற்கிறது என்றார், நம்பினேன், அது உண்மையும்கூட. ஏப்ரலில் மேனிஃபோல்டு வரவில்லை என்றார். ஜூனில், "பெட்ரோல் பம்பும் கிளட்சும் நாம் நினைத்ததைவிட விலை கூடிவிட்டது தம்பி, இன்னொரு 12,000 வேண்டும்" என்றார். அனுப்பினேன். அப்போது தற்செயலாக ஒரு காரியம் செய்தேன். வங்கிப் பரிமாற்றத்தில் குறிப்பு எழுதும் இடத்தில் 'பம்பு, கிளட்ச்' என்று தட்டினேன். அந்த இரண்டு சொற்கள்தான் பின்னால் என்னைக் காப்பாற்றின. பணம் எதற்கு அனுப்புகிறீர்களோ அதை அந்தக் குறிப்பில் எழுதாமல் ஒருபோதும் அனுப்பாதீர்கள்.

அந்த ஏழு மாதமும் மினிபஸ் டாக்சியில் வேலைக்குப் போனேன். மழை நாட்களில் பையனைப் பள்ளிக்கு அனுப்ப வாடகைக் கார். ஓடாத வண்டிக்குக் காப்பீட்டுத் தவணை வேறு. ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, நண்பர் ஒருவர் கைப்பேசியில் படம் அனுப்பினார்: "உன் வண்டி தயாராகிவிட்டதா, வாழ்த்துகள்!" கார் ஆர்வலர்கள் கூடும் இடமொன்றில் என் ரன்எக்ஸ் நின்றுகொண்டிருந்தது, பின்கண்ணாடியில் கடையின் பெயர் ஒட்டப்பட்டிருந்தது. இன்ஜின் இன்னும் முழுதாகச் சேரவில்லை என்று எனக்கு முந்திய வியாழக்கிழமைதான் சொல்லியிருந்தார். போன் செய்தேன். "சோதனை ஓட்டம் தம்பி" என்றார். வயிற்றில் என்னவோ பிசைந்தது. வண்டியை விடும்போது ஓடியிருந்த கிலோமீட்டரை நான் படம் எடுத்து வைக்கவில்லை. எவ்வளவு ஓட்டினார்கள் என்று கேட்க என்னிடம் கணக்கே இல்லை. உங்கள் பொருள் கடைக்காரர் வசம் இருக்கும்போது அதைப் பொறுப்புள்ளவர் காப்பதுபோல் காக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 65ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் எந்த நிலையில் ஒப்படைத்தீர்கள் என்று காட்ட முடியாதவருக்குச் சட்டம் என்ன செய்யும்? வண்டியைச் சுற்றி ஒரு காணொலி, ஓடிய தூரம், பெட்ரோல் அளவு, இன்ஜின் எண், உள்ளே கிடக்கும் ஜாக்கி முதல் உபரிச் சக்கரம் வரை, இரண்டு நிமிட வேலை.

செப்டம்பர் மாதம் அழைப்பு வந்தது. போனால் மீதி 18,000 கொடுத்தால்தான் சாவி என்றார். கணக்குப்படி 13,000தான் பாக்கி. வேலை செய்தவர் கூலி பாக்கிக்காகப் பொருளை நிறுத்திவைக்க இந்நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு. கையில் தாள் இல்லாத நான் எதை வைத்து வாதாடுவேன்? கட்டினேன். ஆக மொத்தம் 70,000. சாவியைத் திருப்பியதும் எல்லாம் மறந்துபோனது, உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா. குழந்தைபோல் இருந்தேன். அன்று நான் கேட்டிருக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, டைனோ தாள். வண்டியை உருளைகளின்மேல் ஓட்டி ஒவ்வொரு சுற்று வேகத்திலும் எவ்வளவு சக்தி, காற்றும் பெட்ரோலும் எந்த விகிதத்தில் கலக்கின்றன என்று காட்டும் தாள் அது. இரண்டு, கழற்றிய பழைய பாகங்கள். சட்டத்தின் 67ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: கழற்றிய பாகங்களைத் தனியாக எடுத்துவைத்து, வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய, சுத்தமான பெட்டியில் அவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் அன்று, "பழைய பெட்ரோல் பம்பு எங்கே அண்ணா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

இருபத்து மூன்று நாள் ஓட்டினேன். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நண்பர் வீட்டுக்குப் புறப்பட்டோம். பின்னால் மனைவியும் ஒன்பது வயதுப் பையனும். மரியன்ஹில் சுங்கச்சாவடியைத் தாண்டினால் என்3 சாலை ஏறிக்கொண்டே போகும். லாரிகளை முந்த வலப்பக்கத் தடத்தில் நீளமாக அழுத்திப் பிடித்தேன். முதலில் சரளைக்கல்லை டப்பாவில் போட்டுக் குலுக்குவதுபோல் மெல்லிய ஓசை. அடுத்த நொடி பெரிய வெடிப்பு, வெண்ணீலப் புகை, பின்கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் வந்த லாரியின் ஒலிப்பான் மட்டும் கேட்டது. எப்படி இடப்பக்க ஓரத்துக்கு வந்தேன் என்று எனக்குத் தெரியாது. பையன் அழவில்லை, "அப்பா, நெருப்புப் பிடிக்குமா?" என்று மட்டும் கேட்டான். தடுப்புக்கு அப்பால் புல்லில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். மனைவி ஒரு சொல்லும் பேசவில்லை. ஆசைக்காக இந்த இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு வந்தேனே என்ற எண்ணம் இன்றும் சில இரவுகளில் எழுப்பிவிடுகிறது.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். எல்லோரும் பத்திரமா என்றுதான் முதலில் கேட்டார், அதை நான் மறைக்கக் கூடாது. "வண்டியை இங்கே இழுத்து வா, நான் பார்க்கிறேன்" என்றார். கை அதற்குத்தான் போனது. ஆனால் மனைவி, "அங்கே வேண்டாம்" என்றாள். அன்று அவள் பேசிய முதல் சொல் அது. அது மிகச் சரி. இப்படி ஒன்று நேர்ந்தால் வேலை செய்த கடைக்கே வண்டியை அனுப்பிவிடாதீர்கள். அங்கே இன்ஜினைப் பிரித்துவிட்டால் காரணம் என்ன என்று யாராலும் பிறகு சொல்ல முடியாது. சம்பந்தமில்லாத வேறு கடையில் பிரிக்கச் சொல்லுங்கள். பிரிக்கும் நாளைக் கடைக்காரருக்கு எழுதித் தெரிவித்து, விரும்பினால் வரலாம் என்றும் சொல்லிவிடுங்கள். அது அவருக்கும் நியாயம். இழுவை வண்டிக்கு 1,800, பிரித்து எழுத்தில் அறிக்கை தர 4,500. நான் இந்த விவகாரத்தில் செலவழித்த பணத்தில் வீணாகாதது அந்த 4,500தான்.

அறிக்கை தந்தவர் வயதான மெக்கானிக், நிதானமான மனிதர். மூன்றாவது பிஸ்டனைக் கையில் கொடுத்தார். வளையம் அமரும் விளிம்பு உடைந்து, ஓரம் மெழுகுபோல் உருகியிருந்தது. சிலிண்டர் சுவரில் ஆழக் கீறல். இந்த இன்ஜினின் சிலிண்டர் சுவர் தனிக் கலவையில் வார்த்தது, சாதாரண இன்ஜினைப்போல் உட்புறத்தைக் கடைந்து அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் வைக்க முடியாது. இதோடு முடிந்தது என்றார். பிறகு பெட்ரோல் தொட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்தது காரோடு பிறந்த பழைய பம்பு. நான் விலை கொடுத்த புதிய பம்பு அங்கே இல்லவே இல்லை. ஊருக்குள் நின்று நின்று ஓட்டும்போது பழைய பம்பு ஈடுகொடுத்திருக்கிறது. மலையேற்றத்தில் நிமிடக்கணக்கில் அழுத்தியபோது பெட்ரோல் போதவில்லை, கலவை வறண்டு, சூடேறி, தீப்பொறியின் சுடர் வந்து சேரும் முன்பே தானாக வெடித்து வெடித்துப் பிஸ்டனை உடைத்துவிட்டது. நான் கேட்ட சரளைக்கல் ஓசை அதுதான். கணினியில் ஏற்றியிருந்த அளவுகள் ஜோஹன்னஸ்பர்க்கில் ஓடிய வேறொரு வண்டிக்காக எழுதியவை என்றும் கண்டுபிடித்தார். அந்த ஊர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,750 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே காற்று நம் கடற்கரைக் காற்றைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே டர்போ, அதே அழுத்தம் என்று அளவியில் காட்டினாலும் டர்பனில் உள்ளே போகும் காற்று அதிகம். அந்த அதிகக் காற்றில் இன்ஜின் எப்படி நடந்துகொள்ளும் என்று யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. ஆகவே 'இந்த மாதிரி வண்டிகள் நிறையச் செய்திருக்கிறோம்' என்று சொன்னால் எங்கே செய்தீர்கள், எந்த ஊரில் ட்யூன் செய்தீர்கள் என்று கேளுங்கள்.

பம்பைப் பார்த்த அந்த நொடியில் வந்தது கோபம் இல்லை. அவமானம். ஏமாந்துவிட்டோம் என்பதைவிட, 'அண்ணா' என்று கூப்பிட்ட வாய் வலித்தது. பிறகு அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது புரிந்தது: அவர் திட்டமிட்டு ஏமாற்றும் ஆள் இல்லை. எனக்கு முன் வந்தவரின் வண்டியை முடிக்க என் முன்பணம் போயிருக்கிறது, என் வண்டியை முடிக்க எனக்குப் பின் வந்தவரின் முன்பணம் வந்திருக்கிறது. எங்கோ ஒரு இடத்தில் பணம் துண்டுவிழ, பம்பு விட்டுப்போயிருக்கிறது. வாங்கினோம் என்று அவரே நம்பியிருக்கவும் கூடும். இது கெட்ட எண்ணத்தைவிட ஆபத்தானது என்று நினைக்கிறேன், ஏனென்றால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க வேறு வழி உண்டு. கடைக்குள் நுழைந்ததும் தூசி படிந்து, சக்கரத்தில் காற்றிறங்கி, பானெட் திறந்தபடி எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்று எண்ணுங்கள். நான் முதல்நாள் போனபோது ஆறு நின்றன. நிறைய வேலை வருகிறது, கெட்டிக்காரர் என்று அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டேன். முன்பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல், பாகம் பாகமாக நீங்களே கடையில் வாங்கி உங்கள் பெயரில் பில் வைத்துக்கொள்வது நல்லது. கூலியை மட்டும் வேலை நகர நகரக் கொடுக்கலாம்.

என் பக்கத்துத் தவறுகளையும் எழுத வேண்டும். வண்டி கையில் வந்த இரண்டாம் வாரம், 'இன்னும் கொஞ்சம் அழுத்தத்தைக் கூட்ட முடியுமா அண்ணா?' என்று செய்தி அனுப்பியிருந்தேன். அவர் கூட்டவில்லை. ஆனால் பின்னால் அந்தச் செய்தியை எல்லோருக்கும் காட்டினார். 95 ஆக்டேன் பெட்ரோல்தான் போட வேண்டும் என்று வாயால் சொல்லியிருந்தார். மாதக் கடைசியில் ஒருமுறை அதைவிடக் குறைந்த ஆக்டேனான 93 போட்டேன். அதைவிடப் பெரியது, டர்போ வைத்ததைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு நான் சொல்லவே இல்லை. இன்ஜின் உடைவது பொதுவாகக் காப்பீட்டில் சேராது, அது வேறு. ஆனால் அன்று அந்த லாரி எங்களை இடித்திருந்தால்? வண்டியில் செய்த மாற்றத்தை மறைத்தவன் என்று அவர்கள் கைவிரித்திருக்கலாம். சாவியை வாங்குவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, ஏற்றுக்கொண்டோம் என்ற பதிலைப் பெற்றுவிடுங்கள். தவணை கூடினால் கூடட்டும்.

நியாயம் கேட்டுப் போன கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் கோயில் பெரியவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்தார். "கோர்ட்டுக்குப் போனால் நம் ஆட்களுக்குத்தான் கெட்ட பெயர்" என்றார். மூன்று மாதம் அதிலேயே கழிந்தது. மரியாதைக்குரியவர், நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனால் அந்த மூன்று மாதத்தில் ஒரு காசும் வரவில்லை. பிறகு பிரிட்டோரியாவில் இருக்கும் மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளருக்கு எழுதினேன். வாடிக்கையாளருக்குக் கட்டணம் இல்லை, முதலில் கடைக்காரரிடம் எழுத்தில் புகார் செய்து வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். மதிப்பீட்டுத் தாள், வேலைச் சீட்டு, ரசீது எல்லாம் கேட்டார்கள். என்னிடம் இருந்தது அறிக்கையும் வங்கிக் கணக்குப் பட்டியலும்தான். தாள் இருந்தவர்களுக்கு அது நல்ல வழி. எனக்கு அங்கே பொறுமை போதவில்லை, சிறுகோரிக்கை நீதிமன்றத்துக்குப் போனேன். அங்கே 2019 ஏப்ரல் முதல் வரம்பு 20,000 ராண்ட். அதற்கு மேல் உள்ளதை விட்டுக்கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் வர முடியாது, இருவரும் தாமே பேச வேண்டும். அதற்கு முன் 14 நாள் அவகாசம் கொடுத்துக் கோரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்க வேண்டும். தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. கடிதம் எழுதிய இரவு எனக்குக் கை நடுங்கியது. தேவாரம் பாடும் அவர் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

விசாரணையில் நீதிபதியின் இடத்தில் இருந்த ஆணையர் என்னிடம் முதலில் கேட்டது, ஒப்பந்தம் எங்கே என்பதுதான். கையில் கொடுத்த 15,000 பற்றிக் கேட்டபோது கடைக்காரர், "எனக்கு நினைவில்லை" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். அந்தத் தொகை அப்படியே போனது. ஆனால் பம்புக்கும் கிளட்சுக்கும் அனுப்பிய பணம் வங்கிக் குறிப்போடு இருந்தது, பம்பு மாற்றப்படவில்லை என்ற அறிக்கை இருந்தது, படங்கள் இருந்தன. நான் அழுத்தத்தைக் கூட்டச் சொன்ன செய்தியையும் படித்துக் காட்டினார்கள். 16,000 ராண்ட் கொடுக்க வேண்டும், நான்கு தவணை என்று முடிவானது.

பழைய இன்ஜின் ஒன்றை 32,000க்கு வாங்கி, மாட்ட 9,000 கொடுத்து, டர்போவைக் கழற்றிவிட்டுக் காரைப் பிறந்த நிலைக்கே கொண்டுவந்தேன். இன்ஜின் மாறினால் எண்ணும் மாறும். காவல்துறையின் சரிபார்ப்புச் சான்று வாங்கிப் பதிவு அலுவலகத்தில் மாற்ற வேண்டும். இன்ஜின் விற்றவரின் பில்லும் அவர் அடையாள விவரமும் இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடுவீர்கள், திருட்டு இன்ஜின் என்ற சந்தேகம் உங்கள் தலையில் விழும். இந்த முறை அத்தனைக்கும் தாள் வைத்திருந்தேன். ஏழு மாதப் போக்குவரத்துச் செலவு 14,000ஐயும் சேர்த்தால் கையிலிருந்து போனது 131,300. தீர்ப்பில் 16,000, டர்போ பாகங்களை விற்றதில் 17,000 திரும்பியது. மீதி 98,300 போனது போனதுதான். வீட்டுத் திட்டம் இரண்டு ஆண்டு தள்ளிப்போயிருக்கிறது. திருச்சித் தம்பிக்கு இந்தக் கணக்கை அப்படியே அனுப்பினேன். மறுநாள் கடையில் எழுதி வாங்கிய தாளின் படத்தை அனுப்பியிருந்தார். பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரியைச் சேர்க்கச் சொன்னேன்.

கடைசித் தவணையைக் கடைக்காரரே கொண்டுவந்து கொடுத்தார். 2025 ஜனவரி, மாலை நேரம், எங்கள் வீட்டு வாசல். பணத்தை எண்ணி நீட்டிவிட்டுச் சற்று நேரம் நின்றார். "தம்பி, இதற்கு ஒரு ரசீது எழுதிக் கொடு" என்றார். உள்ளே போய் இரண்டு படி எழுதிக்கொண்டு வந்தேன். என் கார் பானெட்டின்மேல் வைத்து இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு பானெட்டைத் தொட்டு, "இப்போது எப்படி ஓடுகிறது?" என்று கேட்டார். திறந்து காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.